ஊகித்தவர்கள் தங்கும் அறை

'ஈரக் கையுறை' தொடரில் ஆலை முதலாளியைக் கொன்றது யார் என்பதை லிஃப்ட் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சொல்லிவிட்டார். அன்று மட்டும் வாயை அடக்கியிருந்தால் நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பார். ஆனால் சலூனில் உட்கார்ந்துகொண்டு வாயை அடக்குவது மனிதனால் ஆகிற காரியமா?

அந்த சலூனில் வேலை இல்லாத நேரங்களில் மூன்று பேர் கூடுவார்கள். சலூன்காரர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், நம் மெக்கானிக். பேச்சு எப்போதும் டிவியில் வரும் குற்றத் தொடர்களைப் பற்றித்தான். சலூன்காரர் அவற்றின் பக்தர். மருந்துக்கடைக்காரருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஆகாது என்பதால் ஒரு பாகம் விடாமல் பார்ப்பார். அவர் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி.

"நேத்து பாத்தீங்களா மாமா? விஷம் குடிச்சவன் அரைப் பக்கம் வசனம் பேசிட்டுச் சாகறான். அந்த மருந்தைக் குடிச்சா 'அம்மா'ன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உனக்கு ரசனை கிடையாதுப்பா. அந்த இடத்துல மியூசிக் கேட்டியா? எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. பாவம், நாற்காலியில இருந்தவருக்கு ஒரு பக்கக் கிருதா காதுக்கு மேல ஏறிடுச்சு" என்றார் சலூன்காரர்.

"ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டு, இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழட்டி மாட்டறதுக்குள்ள வந்துடுதே, அது எப்படி? எங்கம்மாவோட சர்க்கரை ரிசல்ட்டுக்கு நான் ரெண்டு நாள் அலையறேன்."

"உங்கம்மா உயிரோட இருக்காங்க இல்ல? அதான் லேட்டு."

மெக்கானிக் சிரித்தார். சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்குடா இவ்வளவு சண்டை? கொலை பண்ணினது அண்ணிதான்" என்றார்.

"எந்த அண்ணி? வாசல்ல நிக்குமே, அந்த அம்மாவா?" சலூன்காரரின் கை நின்றது. நாற்காலியில் சோப்பு நுரைக்குள் புதைந்திருந்த வாடிக்கையாளரின் மூச்சும் நின்றது போலிருந்தது.

"அந்த அம்மாவேதான். ஏழு வருஷமா ஒரு வேலையும் செய்யாம வாசல்லயே நிக்குது. சும்மா நிக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? கடைசியில எதுக்கோ தேவைப்படுதுன்னுதானே வெச்சிருக்காங்க!"

மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நுரைக்குள் இருந்த மனிதர் எழுந்தார். ஒரு கன்னம் மழுமழு, ஒரு கன்னம் நுரை. அந்தக் கோலத்திலேயே சட்டைப்பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். தொலைக்காட்சி நிலையம், ரகசியக் காப்புத் துறை என்று அதில் இருந்தது.

"கொஞ்சம் எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிடலாம் சார். ஒரு காபி சாப்பிடற நேரம்தான்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு பண்ணியிருந்தா பரவாயில்லையே சார். சரியா சொல்லியிருந்தீங்கன்னா என்ன பண்றது?"

மெக்கானிக் அதைப் புரிந்துகொள்வதற்குள் கார் கிளம்பிவிட்டது.

தொலைக்காட்சி நிலையத்தில் ரகசியக் காப்பாளரின் அறைக்கு ஜன்னல் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் பிடி வைத்த கதவு. காப்பாளர் பருத்த மனிதர். வாய் நிறையச் சிரித்தார்.

"உட்காருங்க. நீங்க குற்றவாளி இல்ல, விருந்தாளி. கதவைப் பூட்டி வெச்சிருக்கறது விருந்தாளிகளோட நிம்மதிக்காக."

"சார், காபி சாப்பிட்டாச்சு. நான் கிளம்பறேன். நாளைக்குக் காலையில எனக்குப் பெரிய வேலை இருக்கு."

உண்மையிலேயே பெரிய வேலைதான். ஊரின் உயரமான குடியிருப்பு ஒன்றின் லிஃப்டை அவர்தான் பராமரித்து வந்தார். அவர் வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஒப்பந்தத்தில்தான். மறுநாள் காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்டில் ஏறி இறங்கிப் பார்த்து, திருப்தியானால்தான் ஒப்பந்தம் நீளும். அந்த நேரத்தில் ஆள் அங்கே இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருந்தான்.

காப்பாளர் அனுதாபமாகத் தலையை ஆட்டினார். "நீங்க அண்ணின்னு சொல்லிட்டீங்களே!"

"நான் சொன்னது சரியா சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே ரகசியக் காப்பாளர்?"

"அதனாலதான் தெரியாது. ரகசியத்தைக் காக்கறவனுக்கு ரகசியம் தெரிஞ்சிருந்தா என்னிக்காவது வாய் தவறி வந்துடும். என் வாயிலேர்ந்து ஏழு வருஷமா ஒண்ணும் வரல. இதுக்காக ரெண்டு தடவை விருது குடுத்திருக்காங்க."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

காப்பாளர் மேலே பார்த்துக் கும்பிட்டார். "தொடரை ஆரம்பிச்ச எழுத்தாளருக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினோம். மனுஷன் சொக்கத் தங்கம். பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். இரங்கல் கூட்டத்துல நான்தான் பேசினேன்."

"அப்போ கொலையாளி யாருன்னு இப்போ உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

"இதைவிடப் பத்திரமான ரகசியம் உலகத்துல எங்கேயாவது உண்டா, நீங்களே சொல்லுங்க!"

காப்பாளர் விளக்கினார். ஊகம் தப்பு என்று நிரூபிக்கப்படும் வரை அது சரி என்றே கருதப்பட வேண்டும். அது விதி. கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாததால் எந்த ஊகத்தையும் தப்பு என்று நிரூபிக்க வழியில்லை. ஆகவே ஊகித்தவர் கடைசிப் பாகம் ஒளிபரப்பாகும் வரை நிலையத்தின் விருந்தாளி.

"கடைசிப் பாகம் எப்போ சார்?"

"யாருமே எதிர்பார்க்காத நேரத்துல."

"நான் போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

"தாராளமா பண்ணுங்க. இன்ஸ்பெக்டர் நம்ம தொடருக்குப் பரம ரசிகர். விஷயத்தை அவர்கிட்ட நீங்க சொல்லிட்டீங்கன்னா அவரையும் இங்கேயே உட்கார வைக்கணும். ஏற்கெனவே கட்டில் பத்தலை."

வீட்டுக்கு ஒரு போன் பேச அனுமதி கிடைத்தது. மெக்கானிக் மனைவியிடம் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். மனைவி ஆவலாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏங்க, உள்ளயேதானே இருக்கீங்க? யாருன்னு கேட்டீங்களா?"

"நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்டி!"

"அது சரிங்க. மாட்டினதுதான் மாட்டினீங்க, அப்படியே கேட்டு வெச்சுக்கங்க."

அதன்பின் அவரை ஒரு நீளமான அறையில் கொண்டுபோய் விட்டார்கள். கட்டில்கள், ஒரு பெரிய டிவி, சுவரில் 'ஊகித்தவர்கள் தங்கும் அறை' என்ற அழகான பலகை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து பழைய பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் படுத்திருந்தார்கள்.

"வாங்க தம்பி. நீங்க யாரைச் சொன்னீங்க?"

"அண்ணியை. நீங்க டீச்சர்?"

"தோட்டக்காரனை. நாலு வருஷம் ஆச்சு."

"தோட்டக்காரன் கிணத்துல விழுந்து செத்துட்டானே! அப்போ நீங்க சொன்னது தப்புதானே? உங்களை விட்டிருக்கணுமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். இந்தத் தொடர்ல செத்தவன் திரும்பி வரமாட்டான்னு எங்களால உத்தரவாதம் தர முடியாதுன்னுட்டாங்க." ஆசிரியை பெருமூச்சு விட்டார். "என் பேரன் ஒண்ணாவதுல சேர்ந்தான்னு சொன்னாங்க. இப்போ எழுத்துக்கூட்டிப் படிக்கிறானாம். சொல்லிக் குடுத்தது யாரோ."

டிவியில் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். படுத்திருந்தவர்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். மெக்கானிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் நடுவழியில் சிக்கியவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட கை அது. இந்தக் கதவு அசையவில்லை.

சாயங்காலம் அவரை 'முடிவு மாற்றக் குழு'வின் முன் நிறுத்தினார்கள். நீள மேசை. நடுவில் தயாரிப்புத் தலைவி. இரண்டு பக்கமும் இரண்டு எழுத்தாளர்கள். இருவருக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கியது. ஒருவர் விசாரணைக் காட்சிகளில் கேள்விகளை மட்டும் எழுதுகிறவர். இன்னொருவர் பதில்களை மட்டும். ரகசியம் கசியக் கூடாது என்பதால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

தலைவி எழுந்து பேசினார். "நேயர்களை நாங்க தெய்வமா நினைக்கிறோம். அவங்க என்ன நினைக்கறாங்களோ, அதுக்கு மரியாதை குடுத்து, அதை மட்டும் செய்யவே மாட்டோம். நேயர் ஒருத்தர் ஊகிச்ச முடிவு முடிவாகாது. இது எங்க கொள்கை. எழுத்தாளர் மனசுல யார் இருந்தாங்கன்னு தெரியாம, ஆரம்பத்துல பங்காளிதான் கொலைகாரன்னு நாங்களா வெச்சிருந்தோம்னு நினைக்கிறேன். பாத்திரக் கடையில ஒருத்தர் சொல்லிட்டார். மாத்தினோம். டாக்டர்னு வெச்சோம். அதையும் ஒரு சின்னப் பொண்ணு சொல்லிடுச்சு. மாத்தினோம். நேயர்கள் யோசிக்க யோசிக்க நாங்க யோசிக்காமலே கதை வளர்ந்துக்கிட்டு வந்தது. எங்க வெற்றிக்குக் காரணமே அதுதான்."

காப்பாளர் கைதட்டினார்.

"மிச்சம் இருந்தது அண்ணி ஒருத்திதான்" என்று தலைவி மெக்கானிக்கை வருத்தமாகப் பார்த்தார். "அதையும் நீங்க சொல்லிட்டீங்க."

"நாயைப் பண்ணலாமே?" என்றார் கேள்வி எழுத்தாளர்.

"ஒரு தபால்காரர் போன மாசமே நாயைச் சொல்லிட்டார்" என்றார் பதில் எழுத்தாளர். இருவரும் ஒருவருக்கொருவர் பேசிவிட்டதை உணர்ந்து பதறி நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"செத்துப்போன முதலாளியே தன்னைத்தானே..."

"அதை எல்லாரும் சொல்லியாச்சு."

கொலையாளி ஆவதற்கு ஊரில் ஆள் பஞ்சம் வந்துவிட்டது. இந்த நெருக்கடியில்தான் நம் மெக்கானிக் இரண்டாவது முறையாக வாயைத் திறந்தார். மேசை மேல் கொலை நடந்த கட்டடத்தின் மாதிரி வடிவம் அட்டையில் செய்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளியின் பிணம் கிடந்த லிஃப்ட் அதில் இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கியது. வந்ததிலிருந்து அவர் கண் அதிலேயே இருந்தது. தொழில் புத்தி, பொறுக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு கேட்கலாமா? ஏழு வருஷமா இந்த லிஃப்ட் நடுவுலயே நிக்குது. உள்ள ஆள் செத்துக் கிடந்திருக்கார். இதை வந்து பாக்கறதுக்கு உங்க கதையில ஒரு மெக்கானிக்கூடவா இல்லை?"

மேசையைச் சுற்றி எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள். திரைச்சீலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விலகியது.

"மெக்கானிக்!" என்றார் தலைவி. "யாராவது மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டிருக்காங்களா?"

"மெக்கானிக்னு ஒரு ஆளே இல்லையே மேடம். எப்படிச் சந்தேகப்படுவாங்க?" என்றார் காப்பாளர். அவர் கண்களில் நீர் துளிர்த்தது.

விதியும் அழகாகப் பொருந்தி வந்தது. மெக்கானிக்தான் கொலையாளி என்றால் அண்ணி கொலையாளி இல்லை. அண்ணி இல்லையென்றால் நம்மவரின் ஊகம் தப்பு. தப்பாக ஊகித்தவரை வைத்திருக்க நிலையத்துக்கு அதிகாரமில்லை. அவர் மட்டுமல்ல, அறையில் இருக்கும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரு நடிகரைக் கூப்பிட்டால் அவர் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். ரகசியம் தெரிந்த ஒரே வெளியாள் எதிரிலேயே நிற்கிறார்.

"நானா? எனக்கு நடிக்கத் தெரியாதுங்க!"

"அப்போ இங்கேயே இருங்க" என்றார் தலைவி அன்பாக.

மெக்கானிக் யோசித்தார். நாளைக் காலை லிஃப்ட். உள்ளே ஆசிரியை. ஒரு நாள் கூத்துதானே, நாலு பேர் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. ஆனா நான் அவரை ஏன் கொன்னேன்?"

"அதெல்லாம் அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்."

கையில் இரண்டு உறைகளை மாட்டினார்கள். "ஈரமா இருக்கே?" என்றார். "தொடருக்கே அதுதானே பேரு" என்றார்கள். அவருக்கு ஒரே ஒரு வசனம். "ஆமாம், நான்தான்." முதலில் அழுதுகொண்டே சொன்னார். இயக்குநர் தடுத்தார். "நீங்க நடிக்கவே வேண்டாம். லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்த மாதிரி சாதாரணமா நின்னு சொல்லுங்க. அதுதான் பாக்கறதுக்குக் கொடூரமா இருக்கு."

காட்சி அன்றைக்கே ஒளிபரப்பானது. கதவு திறந்தது. மெக்கானிக் வெளிக்காற்றை இழுத்து மூச்சுவிட்டார். ஆசிரியை மட்டும் நகரவில்லை. "இந்தப் பாகத்தை முடிச்சுட்டு வந்துடறேன் தம்பி. நீங்க சாதாரணமான ஆள்னு நினைச்சேனே!" என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மெக்கானிக் நேராகச் சலூனுக்குப் போனார். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்தார். அவர் நுழைந்ததும் நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார்.

"வாங்க அண்ணே. உட்காருங்க" என்றார் சலூன்காரர். "இந்தக் கத்திகளை மட்டும் உள்ள வெச்சுட்டு வந்துடறேன்."

"டேய், அது தொடர்டா! என்னைப் பிடிச்சு வெச்சு நடிக்க வெச்சாங்க!"

"தெரியும் அண்ணே. தொடர்னு தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல." சலூன்காரரின் உதடு துடித்தது. "ஆனா ஏழு வருஷமா எங்களோட உட்கார்ந்து, யாரு யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, எப்படி மனசு வந்துச்சு? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"மச்சான், நீயாவது சொல்லேன்டா! உனக்குத்தான் இந்தத் தொடரே பிடிக்காதே!"

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "பிடிக்காதுதான் மாமா. ஆனா நேத்து வரைக்கும் இல்லாத ஒரு லாஜிக் இன்னிக்கு இருந்துச்சு. பிணம் லிஃப்ட்ல இருந்தா மெக்கானிக்கைத்தானே சந்தேகப்படணும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காவை நாலு நாள் எங்க வீட்டுல வெச்சுக்கட்டுமா?"

மறுநாள் காலை மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு முன்பே அந்த உயரமான குடியிருப்புக்குப் போய்விட்டார். வாசலில் காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். இத்தனை வருடத்தில் அவன் எழுந்து நின்று அவர் பார்த்ததில்லை.

செயலாளர் பொறுமை இல்லாதவர். மெக்கானிக் வருமுன்பே தானாக லிஃப்டில் ஏறியிருக்கிறார். மின்சாரம் போய் வந்ததில் அது நடுவழியில் நின்றுவிட்டது. சாவி ஒன்றைப் போட்டுத் திருப்பினால் தீர்கிற விஷயம். மெக்கானிக் மனம் குளிர்ந்துபோய்ப் படியேறி ஓடினார். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? செயலாளரைத் தன் கையால் வெளியே தூக்கிவிட்டால் ஒப்பந்தம் போகவா போகிறது!

கதவருகே குனிந்து குரல் கொடுத்தார். "சார், பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்!"

"யாருப்பா?"

"நான்தான் சார். லிஃப்ட் மெக்கானிக்."

உள்ளே செயலாளர் பின்சுவரில் போய் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சார்? கேக்குதா? இதோ திறந்துடறேன்."

"வேண்டாம், வேண்டாம்! நான் நல்லாத்தான் இருக்கேன். காத்து நல்லா வருது. நீ... நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க?"

"சார், நேத்து டிவியில வந்தது நிஜம் இல்ல சார்."

"நிஜம்னு யாரு சொன்னா? நான் படிச்சவன், எனக்குத் தெரியாதா? ஆனா நேத்து நீங்க எவ்வளவு சாதாரணமா நின்னீங்க! இப்போ பேசறீங்களே, அதே குரல்."

படியில் ஒவ்வொருவராகக் குடியிருப்பவர்கள் கூடினார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஓர் அம்மாள் உட்கார்ந்து பார்க்க வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்து போட்டார். "ஏன் பண்ணினாராம்?" என்று ஒருவர் கேட்க, "அடுத்த சீசன்லதான் சொல்வாங்களாம்" என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

மெக்கானிக் சாவியை எடுத்தார். அந்தச் சின்னச் சத்தம் உள்ளே கேட்டுவிட்டது.

"ஐயா! ஒரு நிமிஷம்! ஒப்பந்தம்தானே உங்களுக்கு வேணும்? தந்தாச்சு. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்கதான். இத்தனை பேர் சாட்சியா சொல்றேன். இந்தக் கட்டடத்து லிஃப்டை உங்களைத் தவிர ஒருத்தர் தொடக் கூடாது. இப்போ தயவுசெஞ்சு கீழே போயிடுங்க. நீங்க கட்டடத்தை விட்டு வெளியே போனதுக்கப்புறம்தான் நான் மூச்சு விடுவேன்."

"வெளியே போனா உங்களை யார் சார் எடுப்பாங்க?"

"அதை நான் பாத்துக்கறேன் ஐயா!"

படியில் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். மெக்கானிக் ஒவ்வொரு மாடியாக இறங்கினார். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. அஞ்சு வருஷத்துக்குச் சோற்றுக்குக் கவலையில்லை. காவலாளி மறுபடி எழுந்து நின்றான். அவர் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றதும், சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஹலோ! ஹலோ!" செயலாளரின் குரல் ரகசியமாக, கரகரவென்று வந்தது. "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேங்க. 'அவசரத்துக்கு அழைக்கவும்'னு உள்ள ஒட்டியிருக்கற நம்பரைப் பாத்துப் போன் பண்றேன். கதவுக்கு வெளியே ஒரு கொலைகாரன் சாவியோட நின்னான். இப்போதான் எப்படியோ பேசி அனுப்பினேன். அவன் திரும்பி வர்றதுக்குள்ள உங்க ஆள் யாரையாவது சீக்கிரம் அனுப்புங்க!"

மெக்கானிக் நிமிர்ந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்.

"இதோ அனுப்பறேன் சார்" என்று சொல்லிவிட்டு, கடை வாசல் படியில் உட்கார்ந்தார்.